‘வாழ்நாள் விபிஎன்’ வாங்கும் முன்: சேலம் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்தது

சேலம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய கைப்பேசிக் கடை ஒன்றில், “திறமூல விபிஎன், ஒரே கட்டணம், வாழ்நாள் முழுவதும்” என்று சொல்லி என்னிடம் 1,499 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள். விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, சர்வர் எனப்படும் வேறொரு கணினி வழியாக அனுப்பும் வசதி; திறமூலம் என்றால் அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம் என்று பொருள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே சரக்கு வேறு கடைகளிலும் விலைபோகக்கூடும் என்பதால், ஏமாற்று எங்கே இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரிகளுக்கும் ஏற்காட்டில் சில காப்பித் தோட்டத்தாருக்கும் நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்களில் விடுதி வைஃபையை நம்பித்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. பிறருடைய கணக்குகளை முன்பின் தெரியாத வைஃபையில் அனுப்ப மனம் ஒப்பாததால் விபிஎன் தேவைப்பட்டது. கடைக்காரர் என் ஆண்ட்ராய்டு கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் வைத்திருந்த ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை ஏற்றும் கோப்பு) ஒன்றை நிறுவி, ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, “இதோட நிரல் உலகத்துக்கே திறந்து கிடக்குது சார், யாரும் எதையும் மறைக்க முடியாது” என்றார்.

அவர் விற்றது வயர்கார்டு என்ற திறமூல விபிஎன். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இல் சேர்க்கப்பட்ட நல்ல தொழில்நுட்பம். அதன் அதிகாரபூர்வச் செயலி ப்ளே ஸ்டோரில் இலவசமாகவே கிடைக்கிறது. இலவசமானதைக் காசுக்கு விற்பது குற்றமல்ல, திறமூல உரிமங்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் என் கைப்பேசியில் ஏறியிருந்ததோ பெயரும் படமும் மாற்றப்பட்டு, குறுஞ்செய்திகளையும் தொடர்பு எண்களையும் படிக்க அனுமதி கேட்ட வேறொரு வடிவம். விபிஎன் இயங்குவதற்கு ஆண்ட்ராய்டே கேட்கும் இணைப்பு ஒப்புதலும், க்யூஆர் கோடு படிக்கக் கேமராவும் போதும். ஓடிபி வந்து விழும் குறுஞ்செய்திப் பெட்டியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இது அபூர்வமான கோளாறும் அல்ல. 2016-இல் ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தபோது, 82 சதவீதச் செயலிகள் பயனர் கணக்குகள், குறுஞ்செய்திகள் போன்றவற்றைத் தொட அனுமதி கேட்டிருந்தன.

இணைப்பு அடிக்கடி செத்துப்போனது. கேட்டபோதெல்லாம் “ஏற்காட்டுல டவர் சரியில்லை” என்றார்கள். அஸ்தம்பட்டியில் வீட்டு வைஃபையிலும் அதே கதைதான். அதே கடையில் வாங்கிய என் மைத்துனரின் கைப்பேசியை என்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வயர்கார்டில் ஒவ்வொரு கருவிக்கும் ரகசியமாக வைக்க வேண்டிய தனிச்சாவி ஒன்றும், அதற்கு இணையாக மறுமுனைக்குக் காட்டும் பொதுச்சாவி ஒன்றும் இருக்க வேண்டும்; இரண்டுமே நீண்ட எழுத்து வரிசைகள். எங்கள் இருவர் திரையிலும் தெரிந்த பொதுச்சாவி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. அதாவது சாவி அடங்கிய ஒரே க்யூஆர் கோடை வருகிறவர்களுக்கெல்லாம் விற்றிருக்கிறார்கள். ஒரு சாவிக்கு ஒரு முகவரியைத்தான் சர்வர் நினைவில் வைக்கும் என்பதால், கடைசியாகப் பேசிய கைப்பேசிக்கே பதில்கள் போகும், மற்றவர் இணைப்பு அறுந்துவிடும். மைத்துனர் அம்மாப்பேட்டையில் கைப்பேசியைத் திறந்தால் ஏற்காட்டில் என் வேலை நிற்கும் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ‘வாழ்நாள்’ சேவை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. செயலியின் நிரல் திறந்திருப்பது மறுமுனையில் இருக்கும் சர்வரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வெள்ளியை உரைத்து மாற்றுப் பார்த்துவிட்டுத் தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது போன்றது அது. விடுதிக்காரர் பார்த்திருக்கக்கூடியதை, அதாவது எந்தெந்தத் தளங்களுக்கு எப்போது போகிறேன் என்பதை, விபிஎன் போட்ட பிறகு சர்வர் வைத்திருப்பவர் பார்க்கிறார். வங்கிக் கடவுச்சொல் போன்றவற்றை, தளத்துக்கும் நமக்கும் இடையே தகவலைப் பூட்டும் ஹெச்டிடிபிஎஸ் எப்படியும் காக்கிறது. “சர்வர் பெங்களூருல இருக்கு, எந்தப் பதிவும் வைக்கிறதில்லை” என்றும் கடைக்காரர் சொன்னார். இந்தியாவில் விபிஎன் சேவை தருவோர் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.04.2022 அன்று உத்தரவிட்டதும், அதை ஏற்க மறுத்த வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். பிறகு சர்வரே நின்றுபோனது. அந்தச் செயலியை நீக்கி, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டேன். ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்; வங்கிக் கணக்கில் பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

இப்படிக் கடையில் ஏற்றிக்கொண்டவர்கள் செயலியின் அனுமதிப் பட்டியலை இன்றே திறந்து பாருங்கள். குறுஞ்செய்தி அனுமதி தெரிந்தால் உடனே நீக்கிவிடுங்கள். அதே கடையில் வாங்கிய இன்னொருவர் தெரிந்தவராக இருந்தால், நீக்குவதற்கு முன் இருவரின் பொதுச்சாவியையும் ஒப்பிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தனிச்சாவி இருக்கும் பக்கத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.