அண்டூ இல்லாத 31 நாள்: பென்டெல் பாக்கெட் ப்ரஷ் பேனா

இந்தப் பேனாவை வாங்கி ஒன்றரை வருஷம் மேசை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தேன். வாங்கிய அன்று ஒரு கோடு இழுத்தேன், கயிறு மாதிரி தடியாக வந்தது. இன்னொன்று இழுத்தேன், பாதியில் பிசிறி நின்றுவிட்டது. இது நமக்கு ஒத்துவராது என்று மூடியைப் போட்டு உள்ளே தள்ளியதோடு சரி. போன அக்டோபரில் இங்க்டோபர் சவாலுக்காக அதையே வெளியே எடுத்து 31 நாள் விடாமல் வரைந்தேன், அதற்குப் பிறகும் சில மாதங்களாக அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதனால் இப்போது இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரிவ்யூ எழுதுகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாமல் பேனா ரிவ்யூ படிப்பதில் பிரயோஜனம் இல்லை, அதனால் என்னைப் பற்றி ஒரு வரி. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். ஏழெட்டு வருஷமாக எல்லாமே டிஜிட்டல், ஒரு பென் டேப்லட், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், அவ்வளவுதான். அப்புறம், இடது கைக்காரன். இந்தக் கடைசி விஷயம் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இங்க்டோபர் தெரியாதவர்களுக்கு: ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009-ல் தன்னுடைய மை வேலையைத் தேற்றிக்கொள்ளத் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பயிற்சி அது. அக்டோபர் மாதம் 31 நாளும் நாளுக்கு ஒரு மைப் படம். 2016-லிருந்து நாளுக்கொரு சொல் என்று பட்டியலும் வர ஆரம்பித்தது. அடியில் பென்சிலில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாளோ, வாரத்துக்கு ஒன்றோ வரையலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இது தெரியாமல் நாலாம் நாளே மூச்சு வாங்கி, ஒருநாள் தவறிவிட்டதே என்று வெட்கப்பட்டு, மொத்தமாக விட்டுவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நானே இரண்டு வருஷம் அப்படி விட்டவன்தான். இந்த முறை பட்டியலை நானே எழுதினேன் (ஏணி, பூட்டு, நத்தை, குடை, இந்த மாதிரி எளிய சொற்கள்), பென்சிலுக்கு ஐந்து நிமிஷம், அதற்குப் பிறகு இந்த ஒரு பேனா மட்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, பேனாவுக்கு வருவோம். வெளியே பார்த்தால் சாதாரணக் கறுப்பு இங்க் பேனா. மூடியைக் கழற்றினால் நிப் இருக்க வேண்டிய இடத்தில் நிஜமான தூரிகை, நைலான் இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கடையில் 'ப்ரஷ் பேனா' என்று விற்கிற பலவும் உண்மையில் கூரான ஸ்கெட்ச் பேனாதான், பஞ்சு மாதிரியோ ரப்பர் மாதிரியோ வளைகிற ஒரே துண்டு முனை. அதை அழுத்தினால் எங்கோ ஓர் இடத்தில் தடுத்து நிறுத்தும், கைக்கு அது ஒரு கைப்பிடிச் சுவர். இதில் அந்தச் சுவர் கிடையாது. முனை மட்டும் படும்படி நிமிர்த்திப் பிடித்தால் தலைமுடிக் கோடு வரும், சாய்த்து அழுத்தினால் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலத்துக்குப் பட்டை விழும், இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பது முழுக்க நம் கைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். முதல் நாள் எனக்குக் கயிறு வந்ததற்குக் காரணம் பேனா இல்லை. ஜெல் பேனா பிடிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்திருந்தேன்.

மை காட்ரிட்ஜில் வருகிறது, தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை போட்டதும் மை தூரிகை நுனிவரை இறங்கச் சில நிமிஷம் ஆகும், பேனா கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். நிறமி மை, அதாவது சாயம் கரைந்த தண்ணீர் இல்லை, கறுப்புத் துகள்கள் மிதக்கிற மை. நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வாட்டர்கலர் பூசினாலும் கலையாது. 'நன்றாக' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

ஒன்பதாம் நாள், நத்தை. ஓட்டின் சுருளை வெளியிலிருந்து உள்ளே ஒரே மூச்சில் இழுத்தேன், தடியாக ஆரம்பித்து நடுவில் ஊசி மாதிரி முடிகிற சுருள், அந்த மாதம் அதுவரை போட்டதில் அதுதான் ஒழுங்காக வந்த கோடு. அந்தச் சந்தோஷத்தில் வலது பக்கம் இருந்த கொம்பைப் போடக் கையை நகர்த்தினேன். உள்ளங்கையின் ஓரம் சுருளின் மேலேயே ஊர்ந்து போயிருக்கிறது. நத்தைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வால், வால்நட்சத்திரத்துக்கு இருப்பது போல. பள்ளியில் இங்க் பேனா பிடித்த நாளிலிருந்து சுண்டுவிரல் பக்கம் நீலத்தோடு அலைந்தவன் நான், டிஜிட்டலுக்குப் போன பிறகு அந்தக் கையை மறந்தே போயிருந்தேன். வழவழப்பான தாளில் இந்த மை மேலாகவே நின்று மெதுவாகக் காய்கிறது, இடது கைக்காரர்கள் இடமிருந்து வலம் போனால் சொந்தப் படத்தை நாமே துடைத்துக்கொண்டு போகிறோம். அடுத்த நாளிலிருந்து வலது மேல் மூலையில் ஆரம்பித்தேன், கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். வலது கைக்காரர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் இந்தப் பேனா எனக்குச் செய்த பெரிய காரியம் காகிதத்தில் நடக்கவில்லை, கணினியில் நடந்தது.

கிரிட்டாவில் ப்ரஷ் ஸ்மூத்திங் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் ஸ்டெபிலைசரும் ஒரு வகை. கை போகிற புள்ளிகளையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து, கொஞ்சம் பின்தங்கி, நடுக்கத்தை வடிகட்டிக் கோடாக விடும். நாய்க்குச் சங்கிலி கட்டி இழுத்துப் போகிற மாதிரி, கை முன்னால் போகும், கோடு பின்னால் வரும். அதை நான் எப்போது போட்டேன் என்று ஞாபகமில்லை, அணைத்ததே இல்லை. ஒரு எடிட்டர் ஒருமுறை 'உங்க படத்துல கோடெல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார், யாரோ டைப் அடிச்ச மாதிரி' என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சவாலின் இரண்டாவது வாரத்தில் ஒரு வேலைக்காக டேப்லட்டைத் திறந்தேன், ஏதோ தோன்றி ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு ஒரு பூனையின் முதுகை இழுத்துப் பார்த்தேன். நடுங்கியது, உண்மைதான். ஆனால் தோளிலிருந்து இறங்கி வாலுக்குப் போகும்போது கோடு தானாக மெலிந்தது, நான் அதை யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு நாள் தூரிகையைத் தூக்கியும் அழுத்தியும் பழகிய கை செய்தது அது. இத்தனை வருஷம் என் கோட்டைப் பாதி அந்த மென்பொருள் வரைந்திருக்கிறது, மீதியைக் கன்ட்ரோல் இசட், அதாவது போட்டதை ரத்து செய்கிற அண்டூ, வரைந்திருக்கிறது. ஒரே வளைவை எட்டுத் தடவை அழித்துப் போட்டால் எட்டாவதில் மிஞ்சுவது பயந்த கோடு. இந்தப் பேனாவில் முதல் தடவை வருவதுதான் படம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தாள்.

கிரிட்டாவைக் குறை சொல்லவில்லை. ஸ்டெபிலைசர் வேண்டிய இடத்தில் வேண்டும், நீளமான சக்கர வளைவுக்கு இப்போதும் போட்டுக்கொள்கிறேன். எப்போதும் போட்டே வைத்திருந்தது என் சோம்பேறித்தனம்.

அடுத்து காகிதம், ஏனென்றால் இந்தப் பேனா எந்தத் தாளில் ஓடுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் நான் வாங்கிய ஸ்கெட்ச்புக்கின் பெயர் வேண்டாம், அட்டையில் பெரிய எழுத்தில் கனமான தாள், மைக்கு ஏற்றது என்று போட்டிருந்தது. கனம் உண்மைதான், பின்பக்கம் ஊறவே இல்லை. ஆனால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் பூரான் கால் மாதிரி சின்னச் சின்னப் பிசிறு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு, அவ்வளவுதான். மை நார் வழியே ஓடாமல் நிற்பதற்குத் தாளில் சைசிங் என்று ஒரு பசை ஏற்றுவார்கள், அது சரியாக இல்லாவிட்டால் பலகை கனத்துக்குத் தாள் இருந்தாலும் மை தன் இஷ்டத்துக்கு ஓடும். ஐந்தாம் நாள் அந்தப் புத்தகத்தைக் கிறுக்குவதற்கு என்று ஒதுக்கிவிட்டு, வீட்டில் மிச்சமிருந்த வாட்டர்கலர் தாளை ஏ5 அளவுக்கு வெட்டிக்கொண்டேன். வழவழப்பான ஹாட் பிரெஸ் தாளில் கோடு கத்தி மாதிரி விழுகிறது, காய்வதுதான் மெதுவாக. சொரசொரப்பான கோல்ட் பிரெஸ்ஸில் வேகமாக இழுத்தால் மை மேடுகளில் மட்டும் பட்டுப் பள்ளங்களைத் தாண்டிப் போகும், மரப்பட்டைக்கும் நாயின் ரோமத்துக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இருபதாம் நாள் வந்த கிழட்டு ஆடு அப்படிப் போட்டதுதான், தாடியை ஆறே இழுப்பில் முடித்தேன்.

இந்தப் படங்களை ஸ்கேன் செய்து வண்ணம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ5 தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் ஏறக்குறைய 3500 பிக்சல் அகலம், 4960 உயரம், அச்சுக்குத் தாராளம். கிரிட்டாவில் வெள்ளையை நீக்க 'கலர் டு ஆல்ஃபா' ஃபில்டர் போதும், இல்லையென்றால் கோட்டு லேயரை மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் தெரிகிற முறை) வைத்து அடியில் வண்ணம் போடலாம். நான் மாட்டிக்கொண்டது கலரைஸ் மாஸ்க்கில். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிறுக்கல் வண்ணம் கொடுத்தால் மீதியை அதுவே கோடுவரை நிரப்பிவிடும் அருமையான வசதி, ஆனால் அது மூடிய கோடுகளை எதிர்பார்க்கிறது. ஆட்டின் தாடியில் மூடிய கோட்டுக்கு எங்கே போவது? இடைவெளியை மூடிப் பார்க்கச் சொல்லும் அமைப்பைக் கூட்டினேன், அப்போதும் தாடிச் சிவப்பு வானத்துக்குள் புகுந்தது. கடைசியில் கையாலேயே நிரப்பினேன், இருபது நிமிஷம் ஆனது. உலர்ந்த தூரிகைக் கோடும் தானியங்கி வண்ணமும் ஒத்துப்போகாது, இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். நான் தானியங்கியை விட்டேன்.

யார் வாங்கலாம்? ஏற்கெனவே வரையத் தெரிந்து, கோடு மட்டும் செத்துக் கிடக்கிறது என்று உணர்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எழுத்தழகுக்காகவோ, இப்போதுதான் மை பக்கம் வருகிறவர்களோ நேராக இதற்குள் குதிக்க வேண்டாம், டோம்போ ஃபுடெனோசுகே என்ற ப்ரஷ் பேனாவில் கடின முனை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு மாதம் ஓட்டிவிட்டு வாருங்கள், அதிலும் நிறமி மைதான். நேர்கோடு அதிகம் போடுகிற கட்டடக்காரர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாள் ஏணி வரைந்தேன், அதில் ஏறுகிறவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்.

இன்னொன்று. சவால் தொடங்குவதற்கு முந்தின வாரம் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும், பேனா செட், மார்க்கர் செட், வெள்ளை ஜெல், வாட்டர்ப்ரஷ் என்று கூடையை நிரப்புவது. எனக்கும் வந்தது, வாங்கினேன், 31 படத்தில் அந்த வெள்ளை ஜெல் பேனாவை மட்டும் இரண்டு தடவை தொட்டேன் (பூட்டின் பளபளப்பு, ஆட்டின் கண்). மீதியெல்லாம் இந்தப் பேனா பழைய காலத்தில் இருந்த அதே டிராயருக்குப் போய்ச் சேர்ந்தன.

இதுவரை மூன்று காட்ரிட்ஜ் தீர்ந்திருக்கிறது, பெரிய கறுப்புப் பரப்புகளை இதிலேயே நிரப்புகிற பழக்கம் எனக்கு, இல்லையென்றால் இன்னும் நாள் வரும். தூரிகை முனை இன்னும் ஒன்றாகக் கூடிக் கூராகவே நிற்கிறது. மூடியைச் சத்தம் கேட்கிறவரை அழுத்தி மூடினால் போதும், வேறு பராமரிப்பு எதுவும் நான் செய்யவில்லை.

அந்த ஒன்பதாம் நாள் நத்தையைத் திரும்பவும் சுத்தமாகப் போட்டுப் பார்த்தேன், நாலு தடவை. சுருள் ஒன்றிலும் அப்படி வரவில்லை. சாம்பல் வாலோடு இருக்கிற அந்தத் தாளைத்தான் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.