வாடகைக்கு ஆள் பார்த்துத் தரும் சேவை: பெருமாள்புரம் வீட்டுக்காரர் ஒருவரின் மதிப்பீடு

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் எங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விடும் பொறுப்பைப் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு வீட்டுத் தரகு நிலையத்திடம் ஒப்படைத்திருந்தேன். ஒரு மாத வாடகைதான் கமிஷன் என்று முன்னரே சொன்னார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தத்தையும் முறையாகத் தயாரித்துத் தந்தார்கள்.

குறை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. வீடு கேட்டு வருவோர் நிரப்பும் படிவத்தில் சாதி, மதம், சைவமா அசைவமா, தொழில், மணமானவரா என்பவையே கேட்கப்படுகின்றன. முன்பு குடியிருந்த வீட்டில் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தாரா, ஏன் காலி செய்கிறார் என்று அறிய ஒரு வரிகூட இல்லை. வக்கீல் என்றால் வழக்குப் போடுவார், போலீஸ்காரர் என்றால் வாடகை கேட்க முடியாது, பேச்சிலர் என்றால் இரவெல்லாம் கூச்சல் என்று வடிகட்டி, மிஞ்சியவர்களை மட்டுமே என்னிடம் அனுப்பினார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அனுபவம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1978இல் மெக்காலி, ஸ்டிட் என்ற இரு ஆய்வாளர்கள், கறுப்பின மக்களைப் பற்றிப் பிறர் வைத்திருந்த மதிப்பீடுகளை அரசுப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டபோது, அவை பெரும்பாலும் உண்மைக்கு அருகிலேயே இருந்தன. ஆனால் 2005இல் வெளிவந்த, 49 பண்பாடுகளை ஆராய்ந்த ஆய்வில், இன்ன நாட்டார் இன்ன குணத்தினர் என்ற நம்பிக்கைகள் அந்த மக்களின் சராசரிக் குணத்தோடு பொருந்தவில்லை. திருநெல்வேலி என்றதும் அரிவாளைப் பற்றி விசாரிக்கும் வெளியூர்க்காரர்களைச் சந்தித்த எவருக்கும் இது வியப்பளிக்காது. எண்ணிக்கையால் அளக்கக்கூடிய செய்திகளில் பொதுக்கருத்து ஓரளவு சரியாக இருக்கலாம். தரகர் தீர்ப்பளிப்பதோ குணத்தைப் பற்றி.

சராசரி சரியாகவே இருந்தாலும், எதிரே நிற்பவரிடமே கேட்டறிய வழி இருக்கும்போது அதைக் கொண்டு அவரை ஒதுக்குவது அநியாயம்; வீட்டுக்காரருக்கும் அது நட்டம். ஒதுக்கப்பட்டவர்களின் விவரங்களை வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், தனியாக வசிக்கும் பெண் என்பதற்காகவே அந்தப் பட்டியலில் இருந்தார். நான் பேசியபோது முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைத் தாமே தந்தார். அவரிடம் விசாரித்ததில் எனக்குத் தேவையான எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது எங்கள் மாடியில் குடியிருப்பவர் அந்தச் செவிலியரே.

ஒப்பந்த வேலைக்கு இந்த நிலையத்தை நம்பி அணுகலாம். ஆனால் வீடு கேட்டு வந்த அனைவரின் விவரங்களையும் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.