மாமியாருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: பட்டா, கோரா காட்டனா, தங்கமா, வேதாகமமா?

மாமியாருக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தால், "இவ்வளவு துட்டு போட்டு இது எதுக்கு?" என்பார். காட்டன் எடுத்தால், "சரி, வீட்டுல கட்டிக்கலாம்" என்று பீரோவில் வைத்துவிடுவார். மிக்ஸி வாங்கிக் கொடுத்தால் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட பலருக்கு டிசம்பர் பிறந்தாலே இந்தக் கவலை வந்துவிடும். நான் அத்தை என்று கூப்பிடுகிற என் மாமியாரும் அப்படித்தான். பாளையங்கோட்டைக்காரர், எதையும் லேசில் பாராட்ட மாட்டார். அவருக்கு நாங்கள் வாங்கியது, என் அக்காவும் தோழிகளும் அவரவர் மாமியாருக்கு வாங்கியது என்று பார்த்துப் பார்த்து, எது அவர்கள் கையில் நிற்கும், எது பீரோவுக்குள் போய்விடும் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இந்த அம்மாக்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தே பழகியவர்கள். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கலகலாவும் சுட்டு, தட்டில் அடுக்கி, தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீட்டுக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணி தந்த வீட்டுக்கும் அனுப்புவார்கள். இரவில் கேரல் பாட வருகிற பிள்ளைகளுக்குக் காணிக்கை போடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுப்பார்கள். இத்தனை வருஷம் கொடுத்த கை, திடீரென்று வாங்குகிற கையாக மாறும்போது ஒரு கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சம்தான் பாதி நேரம் குறை சொல்லாக வெளியே வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் பரிசைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இது அவரைக் கொடுக்கிற இடத்திலேயே வைக்கிறதா, இல்லை அங்கிருந்து இறக்கிவிடுகிறதா?

பட்டும் கோரா காட்டனும்

சேலை இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலையில், இருட்டு விலகும் முன்னே தொடங்கிவிடும். ஊசிக்கோபுரம் என்று ஊரே சொல்கிற தூய திரித்துவப் பேராலயத்துக்கு அன்றைக்குப் புதுத்துணி கட்டாமல் வருகிறவர்கள் குறைவு. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-இல் பிரதிஷ்டையான கோயில் அது. அங்கே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் சேலையை இன்னொருவர் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். "யார் எடுத்துக் குடுத்தா?" என்ற கேள்வி ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் வந்துவிடும். "மருமக எடுத்தா" என்று சொல்ல அவருக்குப் பெருமையாக இருக்க வேண்டும். எனவே சேலையில் தவறினால் அது வீட்டோடு முடிவதில்லை.

காஞ்சிப் பட்டுக்கு மதிப்பு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் எழுபதை நெருங்குகிறவர் உடம்புக்கு அது பாரம். அசல் ஜரிகை போட்ட நல்ல கனமான பட்டு முக்கால் கிலோ வரைகூட இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு படி ஏறி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வந்து விருந்து பரிமாற வேண்டும். போதாததற்கு டிசம்பர் எங்கள் பக்கம் மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வாசலில் தேங்கிய தண்ணீரில் பட்டின் கரை ஒருமுறை நனைந்தால் போதும், அடுத்த ஞாயிறு வரை அதே பேச்சுதான்.

அப்புறம் விலை. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் கொடுத்தது. வெள்ளியும் தங்கமும் விற்கிற விலையில் அதைப் பத்தாயிரத்துக்குள் தேடுவது வீண். குறைந்த விலையில் "பட்டு" என்று தருவதில் பலதும் கலப்பு நூல். சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஆனால் அந்தச் சீட்டு பட்டு நூலுக்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. நாற்பது வருஷம் பட்டு கட்டிய அத்தைமார் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் நெய்கிற கோரா காட்டன் இதற்கு நேர்மாறு. பட்டும் பருத்தியும் கலந்த நெசவு. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும், கட்டினால் மடிப்பு நிற்கும், மெல்லிய மினுமினுப்பும் உண்டு. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பட்டு போலவே தெரியும், கட்டியவருக்குப் பாரம் தெரியாது. கடையில் கொஞ்ச நேரம் தேடினால் போதும், இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் நல்லதாகவே பொறுக்கிவிடலாம். கோயிலுக்கும் கட்டலாம், ஜனவரியில் வருகிற கல்யாணத்துக்கும் கட்டலாம். பட்டா கோரா காட்டனா என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் கோரா காட்டன் என்பேன்.

மதுரைச் சுங்குடியும் காரைக்குடிக் கண்டாங்கியும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகளுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு அவற்றை நான் எடுப்பதில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால்தான் அழகு, அந்த வேலை கடைசியில் அவர் தலையில்தான் விழும். அதோடு அவர் கண்ணுக்கு அவை வீட்டுச் சேலைதான். அந்தக் கணக்கை ஒரே வருஷத்தில் மாற்ற முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணவரை இழந்த அம்மாக்கள் பலர் வெள்ளை, சந்தனம், வெளிர் நீலம் என்றே கட்டுகிறார்கள். அவர் அதை மாற்ற விரும்புகிறாரா என்று தெரியாமல் அரக்குச் சிவப்பை எடுத்து நீட்டக் கூடாது. கேட்க முடியாவிட்டால், அவரே கடைசியாகத் தனக்கென்று எடுத்த சேலையைப் பாருங்கள். பதில் அதில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட, கூட்டிக்கொண்டு போய் அவரையே எடுக்கச் சொல்வதுதான் நல்லது. அவர் எடுத்ததை அவரே குறை சொல்வது அபூர்வம். திடீர்ப் பரிசு என்கிற சந்தோஷம் இதில் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் பெரும்பாலும் நமக்குத்தான். கடையில் பாய் விரிப்பில் உட்கார்ந்து, சேலையை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லி, "இது வேண்டாம், அந்த மூணாவதை எடும்மா" என்று அதிகாரம் செய்கிற நேரம்தான் அவருக்குச் சந்தோஷம்.

தங்கம்

சேலைக்குப் போட்டியாக எல்லாரும் நினைப்பது இதைத்தான். 2025-இல் கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு சின்னக் கம்மலே பெரிய செலவு. செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தால் கொடுத்த பணத்துக்கும் கைக்கு வந்த எடைக்கும் சம்பந்தமே இருக்காது. வாங்குவதென்றால் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத நகையைப் பொதுவாகக் கடைகள் விற்கக் கூடாது. வங்கியில் நாணயம் வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு: வங்கிகள் விற்கும், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. மகன் வீட்டுத் தங்கம் வந்தவுடன் மகள் வீட்டில் இருந்து என்ன வந்தது என்ற கணக்கு தொடங்கும். உங்கள் நாத்தனார் அந்த வருஷம் கஷ்டத்தில் இருந்தால் அந்தக் கம்மல் அவரைச் சுடும். அம்மாவுக்கு அது தெரியும், அதனாலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற மாமியாராக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அங்கே பலர் நகை அணிவதில்லை. தங்கத்தை அறுபதாம் வயதுக்கோ ஐம்பதாவது கல்யாண நாளுக்கோ, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து போடுவதுதான் அழகு.

வேதாகமம்

கண் மங்குகிற வயதில் பெரிய எழுத்து வேதாகமம் நல்ல யோசனையாகத் தோன்றும். நல்ல யோசனைதான், இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டால். ஒன்று, எந்தச் சபை. கத்தோலிக்கர்கள் வாசிப்பதில் 73 புத்தகங்கள் இருக்கும், சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபை வீட்டில் 66. கடையில் அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டால் மரியாதைக்கு வாங்கிக்கொண்டாலும் வாசிக்க மாட்டார். எளிய தமிழில் வந்த புதிய மொழிபெயர்ப்புக்கும் அதே கதிதான். சங்கீதங்களைப் பழைய நடையிலேயே மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு வேறு நடை வாயில் ஒட்டாது.

இரண்டாவது, அவருடைய பழைய வேதாகமம். முன்பக்க வெள்ளைத்தாளில் பிள்ளைகள் பிறந்த தேதி, ஞானஸ்நானம் எடுத்த தேதி எல்லாம் எழுதியிருக்கும். நடுவில் ஒரு குருத்தோலைத் துண்டு, யாரோ ஒருவருடைய அடக்க ஆராதனைச் சீட்டு. ஓரங்களில் பிரசங்கத்தின்போது பென்சிலில் எழுதிய குறிப்பு. முதுகு கிழிந்து நூல் தொங்கினாலும் அதை வேறு எதனாலும் ஈடு செய்ய முடியாது. புதியதைக் கொடுக்கும்போது "இதைத் தூக்கிப் போட்டுருங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என் கணக்கில் புதியதைவிட ஒரு படி மேலான பரிசு, அந்தப் பழையதை பைண்டிங் செய்து கொடுப்பது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பைண்டிங் செய்கிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஓரம் வெட்டக் கூடாது. வழக்கமாகத் தைத்து ஒட்டியதும் மூன்று பக்கமும் மெஷினில் நறுக்கிச் சமப்படுத்துவார்கள். அப்படி நறுக்கினால் ஓரத்துப் பென்சில் குறிப்புகள் பாதி எழுத்தோடு போய்விடும். உள்ளே இருக்கிற சீட்டு, ஓலை எல்லாவற்றையும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து எடுத்து வைத்து, திரும்பி வந்ததும் அதே இடத்தில் வையுங்கள். செலவு ஒரு சேலைக்கு ஆவதில் சிறு பங்குதான். வேதாகமம் இல்லாமல் அவர் இருக்கப்போகிற நாட்களுக்கு அந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்.

அடுப்படிச் சாமானும் ரத்த அழுத்தக் கருவியும்

இரண்டையும் கிறிஸ்துமஸுக்கு வேண்டாம் என்பேன். அடுப்படி அவருடைய இடம். அங்கே புது கிரைண்டர் வந்தால், பழையதை அவர் இத்தனை நாள் ஓட்டியது சரியில்லை என்று யாரோ சொன்னதாக ஆகிவிடும். அச்சு முறுக்கு அச்சுகூடப் புதிது வாங்கிவிடாதீர்கள். புது அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு விடாது, எண்ணெயில் பல தடவை காய்ந்து பழகினால்தான் முறுக்கு தானாக நழுவும். அவர் வைத்திருக்கிற கறுத்த அச்சுதான் நல்ல அச்சு. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி தேவையானதுதான், மேற்கையில் கட்டுகிற வகையாகப் பார்த்து வாங்கலாம். அதை பிப்ரவரியில் ஒரு சாதாரண நாளில் கொண்டுபோய் வையுங்கள். பண்டிகை அன்று அது வயதை நினைவுபடுத்தும்.

கொடுப்பதற்குக் கொடுப்பது

கடைசியாக, நான் மிகவும் நம்புகிற வகை. அவர் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு வேண்டியதை நாம் வாங்கிக் கொடுப்பது. தூத்துக்குடி மக்ரூன் ஒரு நல்ல உதாரணம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும் சேர்ந்தது, வீட்டில் செய்வது சிரமம். எனவே அவருடைய பலகாரத்தோடு அது போட்டிக்கு வராது, தட்டில் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். மழைக்காலக் காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும், காற்றுப் புகாத டப்பாவோடு கொடுங்கள். பிளம் கேக் என்றால் பழங்களை ரம்மில் ஊறவைத்ததா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது பிரச்சினை. முந்திரிக்கொத்துக்கு நல்ல உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். சர்க்கரைப் பாகு கலந்தது நிறைய விற்பதால், தெரிந்தவர்கள் மூலமாகவே வாங்குங்கள்.

இன்னொன்று, புது நோட்டுக் கட்டு. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கியது. கேரல் வருகிற பிள்ளைகளுக்கும், கோயில் காணிக்கைக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் அவர் கையால் கொடுக்க. மருமகள் மாமியாருக்குப் பணம் கொடுப்பது எங்கள் பக்கம் அழகாக இராது. அதனால் மகன் கையால், டிசம்பர் தொடக்கத்திலேயே, "அம்மா, இந்த மாசச் செலவுக்கு" என்று கொடுப்பதுதான் சரி. உறையில் போட்டு, பெயர் எழுதி, கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். இந்தப் பரிசுக்கு என் அத்தை இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு போவார்.

நான் தேர்ந்தெடுப்பதானால் அவரே எடுத்த கோரா காட்டன் சேலையும் இந்த நோட்டுக் கட்டும். கையிருப்பு குறைவான வருஷம் என்றால் நோட்டுக் கட்டும் பைண்டிங்கும். சேலை என்று முடிவு செய்தால் நவம்பர் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள். டிசம்பர் முதல் வாரம் தாண்டினால் பாளையங்கோட்டையில் தையல்காரர்கள் புது ஜாக்கெட் வாங்கிக்கொள்வதே இல்லை. அளவு ஜாக்கெட்டை மறக்காமல் கொடுத்து, அவருக்கு முதுகுப் பக்கம் எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லிவிடுங்கள். ஜாக்கெட் சரியாக வராத சேலையை அவர் அந்த விடியற்காலையில் கட்ட மாட்டார்.