மோட்லாராய்ட்டா, ரூட்டர்பெர்க்கா?

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளைப் பிரித்த பழைய எல்லையில் ஒரு கிராமம் மட்டும் பார்க்க நேரம் இருந்தால் எதற்குப் போவது?

இடம்: மோட்லாராய்ட், பவேரியாவும் துரிங்கியாவும் சந்திக்கும் மலைப்பாங்கான பகுதி. ரூட்டர்பெர்க், வடக்கே எல்பே ஆற்றங்கரை.

வரலாறு: மோட்லாராய்ட்டின் நடுவே தான்பாக் ஓடுகிறது. தாண்டிக் குதித்துவிடலாம், அவ்வளவு சின்ன ஓடை. 1810-லேயே பவேரிய அரசும் ராய்ஸ் சிற்றரசும் இதன் ஓரம் எல்லைக்கல் நட்டன. 1966-ல் அதே எல்லையில் கிழக்கு ஜெர்மனி 700 மீட்டர் கான்கிரீட் சுவர் எழுப்பியது. அக்கரைச் சொந்தக்காரருக்குக் கையசைக்கக்கூடத் தடை. ரூட்டர்பெர்க்கைப் பிளக்கவில்லை, அடைத்தார்கள்: ஆற்றுப்பக்கமும் வேலி, நிலப்பக்கமும் வேலி. இரவில் வாசல் பூட்டு, வெளியூர்க்காரருக்கு அனுமதிச்சீட்டு. பொறுத்துப் பொறுத்து, 1989 நவம்பர் 8 அன்று ஊர்க்கூட்டம் போட்டு 'கிராமக் குடியரசு' என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாளே பெர்லின் சுவர் திறந்தது!

பார்க்க: மோட்லாராய்ட்டில் அசல் சுவரின் ஒரு பகுதி, காவல்கோபுரம், அருங்காட்சியகம். ரூட்டர்பெர்க்கில் ஆறும் அமைதியும்தான் அதிகம்.

குழந்தைகளோடு போனால் யோசிக்காமல் மோட்லாராய்ட். ஹோஃப் நகரம் பக்கம். எல்பே கரையில் சைக்கிள் மிதிப்பவர்கள் ரூட்டர்பெர்க்கில் இறங்கட்டும். என் ஓட்டு அந்தக் குடியரசுக்கே.