லாசிக் செய்த கண்ணில் கடின லென்ஸ்: பெராக்சைடு முறையைக் கைக்கொண்டு ஓராண்டு

2011-ஆம் ஆண்டில் இரண்டு கண்களிலும் லாசிக் செய்துகொண்டேன். எட்டு ஆண்டுகள் கண்ணாடி இல்லாமல் நிம்மதியாக இருந்த பிறகு, இரவில் பார்க்கும் தெருவிளக்கு ஒவ்வொன்றும் வால் முளைத்ததுபோல் கீழ்நோக்கி இழுபட்டுத் தெரியத் தொடங்கியது. பரிசோதித்துவிட்டு எக்டேசியா, அதாவது கருவிழி மெலிந்து புடைப்பது, என்றார்கள். லாசிக்கில் கருவிழியின் மேலடுக்கை ஒரு மெல்லிய மூடிபோல் வெட்டித் திறந்து, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்கிவிட்டு மூடுகிறார்கள். அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமனுள்ள கருவிழி அதனால் மேலும் மெலிந்துவிட, மிகச் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் அது கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் முன்னோக்கிப் புடைக்கிறது. ரிபோஃப்ளேவின் சொட்டுமருந்தும் புற ஊதா ஒளியும் சேர்த்துச் செய்யும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் என் கண்ணில் புடைப்பு மேலும் வளராமல் நின்றது. ஏற்கெனவே விழுந்த கோணல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அந்தக் கோணலுக்குக் கண்ணாடி போதவில்லை. மென்மையான லென்ஸ் தானும் அதே கோணலுக்கு வளைந்து படிந்துவிடுவதால் அதுவும் பயன்படவில்லை.

முதலில் எனக்குக் கொடுத்தது கருவிழியின் மேலேயே உட்காரும் சிறிய கடின லென்ஸ். பார்வை உடனே தெளிந்தது உண்மை. ஆனால், லேசரால் நடுப்பகுதி தட்டையாகிக் கீழ்ப்பகுதி புடைத்திருந்த என் கருவிழியில் அது ஒரு நிலையில் நிற்கவேயில்லை. இமைக்கும்போதெல்லாம் ஆடியது, இருசக்கர வண்டியில் போகும்போது ஒரு தூசி அடியில் புகுந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நான்கு மாதங்களுக்குப் பிறகு 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்கிளீரல் லென்ஸுக்கு மாறினேன். இது கருவிழியைத் தொடாமல், ஒரு கூடாரம்போல் அதைத் தாண்டி நின்று வெண்விழியின் மேல் உட்காருகிறது. கிண்ணம்போன்ற லென்ஸில் விளிம்புவரை சலைன் என்னும் தூய உப்புக்கரைசலை நிரப்பி, முகத்தைத் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டு கண்ணோடு பொருத்தினால், அந்தத் திரவம் நாள் முழுக்கக் கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே நின்று கோணலை நிரவிவிடுகிறது. உலர்ந்த கண்ணுக்கு அதுவே ஒரு குளிர்ச்சியும் கூட. லாசிக்கில் கருவிழியின் நரம்புகள் வெட்டுப்படுவதால் கண் உலர்வது பலருக்கும் உண்டு. எனக்கு அது முழுவதும் தீரவேயில்லை.

இவ்வளவு நல்ல லென்ஸும் முதல் ஆண்டில் பகல் 2 மணிக்கு மேல் தாங்கவில்லை. புகை மூட்டம்போல் பார்வை மங்கும். கழற்றிக் கண்ணாடியில் பார்த்தால் வெண்விழி சிவந்திருக்கும். லென்ஸ் பொருந்தவில்லை என்று நினைத்து இரண்டு முறை அளவை மாற்றிப் பார்த்தோம். மூன்றாவது முறை போனபோதுதான் பரிசோதகர் நான் எந்தத் திரவத்தில் லென்ஸை ஊறவைக்கிறேன் என்று விசாரித்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்ற வகைத் திரவம் அது. அதை நான் ஊறவைக்க மட்டுமன்றி, காலையில் சலைனுக்குப் பதிலாக லென்ஸில் நிரப்பவும் பயன்படுத்திவந்தேன். சிறிய லென்ஸின் அடியில் இமைக்கும்போதெல்லாம் கண்ணீர் புகுந்து வெளியேறும். ஸ்கிளீரல் லென்ஸின் அடியில் அந்தப் பரிமாற்றம் மிகக் குறைவு என்பதால், அந்தத் திரவம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள் காலையில் உள்ளே போனால் மாலைவரை கருவிழியின் மேலேயே தேங்கி நிற்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அன்று மாலையே அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்தினேன்.

லென்ஸை ஊறவைக்க அதற்குப் பதிலாக வந்ததுதான் பெராக்சைடு முறை. இதில் இருப்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கூடவே வரும் நீளமான டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய சிறு வில்லை ஒன்று இருக்கும். லென்ஸைக் கூடையில் வைத்து, கோடுவரை திரவத்தை ஊற்றி மூடினால், வில்லையைச் சுற்றிச் சோடா திறந்ததுபோல் குமிழ்கள் பொங்கி எழும். பெராக்சைடு மெல்ல மெல்ல நீரும் ஆக்சிஜனுமாகப் பிரியும். ஆறு மணி நேரம் கழித்து டப்பாவில் எஞ்சுவது ஏறத்தாழ வெறும் சலைன்தான், கண்ணை உறுத்தும் பதனப்பொருள் எதுவும் இல்லை. ஓராண்டாக இதைப் பயன்படுத்துகிறேன். இப்போது காலை 8 மணிக்கு அணிந்தால் மாலை 7 வரை இருக்க முடிகிறது. மதியம் ஒரு முறை கழற்றிச் சலைனை மாற்றி நிரப்பிக்கொள்கிறேன். மங்கல் அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இப்போது வேலையைக் கெடுப்பதில்லை.

இந்த முறையில் குறைகளும் உண்டு. பெராக்சைடு கிருமிகளைக் கொல்லும். லென்ஸில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் தானாக எடுத்துவிடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் ஒரு மினுமினுப்பு தங்கிவிடுகிறது. அதே விரலால் தொட்ட லென்ஸில் தண்ணீர் படராமல் முத்து முத்தாக உருளும். ஆகவே ஊறவைக்கும் முன், கடின லென்ஸுக்கென்றே உள்ள கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, உள்ளங்கையின் குழியில் லென்ஸை வைத்து, சுண்டுவிரலால் மெதுவாகத் தேய்த்துச் சலைனில் அலச வேண்டும். லென்ஸின் மேல் பூச்சு இருந்தால் துகள் கலந்த கிளீனர் அதைக் கீறிவிடும் என்பதால், எந்தக் கிளீனர் ஏற்றது என்று லென்ஸ் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரோ, தொட்டி நீரோ, காய்ச்சி ஆறவைத்த நீரோ எதுவும் லென்ஸின் அருகில் வரக்கூடாது. அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும் வாழும், கருவிழியில் அது புகுந்தால் மாதக்கணக்கில் மருத்துவம் செய்ய வேண்டிவரும் என்பதால் இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெராக்சைடு பாட்டிலின் சிவப்பு மூக்கு ஓர் எச்சரிக்கை. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, அரைத்தூக்கத்தில், சலைன் என்று எண்ணிப் பெராக்சைடு பாட்டிலை எடுத்து லென்ஸை அலசிவிட்டேன். கண்ணில் வைத்த நொடியில் மிளகாய்ப் பொடியைத் தூவியதுபோல் எரிந்தது. லென்ஸைக் கழற்றி, சலைனால் விடாமல் கழுவிக்கொண்டே இருந்தேன். அன்று முழுவதும் கண் திறக்க முடியவில்லை. அதன் பிறகு சலைன் படுக்கையறை அலமாரியிலும், பெராக்சைடு கூடத்து அலமாரியிலும் இருக்கின்றன. ஒரே தட்டில் இரண்டையும் வைக்கவே கூடாது என்று புதிதாகத் தொடங்குகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எரிச்சல் அன்று எனக்கு ஒரு விதத்தில் உதவியது, ஏனென்றால் என் கருவிழி எல்லாவற்றையும் உணர்வதில்லை. நரம்பு வெட்டுப்பட்ட கண்ணில் உணர்ச்சி மங்கியிருப்பதுண்டு. கீறல் விழுந்தாலும் மற்றவர்களுக்கு வலிப்பதுபோல் எனக்கு வலிக்காது. ஒரு முறை ஆறுமாதப் பரிசோதனையில் கருவிழியின் ஓரத்தில் உராய்வு இருப்பதை மருத்துவர் சாயமிட்டுக் காட்டினார். எனக்கோ ஒரு வாரமாக எந்த உறுத்தலும் தெரிந்திருக்கவில்லை. அதனால் இப்போது சௌகரியமாக இருக்கிறதா என்பதை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வோர் இரவும் லென்ஸைக் கழற்றியதும் கண்ணாடியில் சிவப்பைப் பார்க்கிறேன்; பிறகு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியின் சிறிய எழுத்தைப் படித்துப் பார்க்கிறேன். கழற்றும்போது லென்ஸைக் கவ்வி எடுக்கும் சிறு உறிஞ்சியான ரப்பர் பிளஞ்சரை லென்ஸின் நடுவில் வைத்து இழுக்காமல், கீழ் விளிம்போரம் ஒட்டி மெல்லச் சாய்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வைத்து இழுத்தால் உள்ளே உறிஞ்சும் விசை முழுவதும் மெலிந்த கருவிழியின் மேல் விழும்.

செலவு கூடுதல்தான். என் ஊரான கோயம்புத்தூரில் பக்கத்து மருந்துக் கடையில் இந்தத் திரவம் கிடைக்கவில்லை. இணையத்தில் சொல்லி வரவழைக்கிறேன். பிளாட்டினம் வில்லையின் திறன் குறைந்துகொண்டே போகும் என்பதால், புதுப் பாட்டிலோடு வரும் புது டப்பாவையே பயன்படுத்த வேண்டும். பழையதையே வைத்துக்கொண்டு சிக்கனம் பார்த்தால் பெராக்சைடு முழுவதும் முறியாமல் கண்ணுக்குள் போகும். பெரிய விட்டமுள்ள லென்ஸ் எல்லாக் கூடையிலும் அடங்காது. பாட்டில் வாங்கும் முன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாயு வெளியேறுவதற்காக டப்பாவின் மூடியில் துளை உண்டு. சாய்ந்தால் திரவம் ஒழுகும். ரயிலின் மேல் படுக்கையில் அதை நிமிர்த்தி வைக்க இடமே கிடையாது. சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் போகும் இரவுகளில், வீட்டிலேயே ஊறவைத்து முடித்த லென்ஸை அந்த டப்பாவிலேயே விட்டுவிட்டு, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். ஏழு நாட்களுக்குள் திரும்பி வந்தால் அப்படியே அணியலாம்; அதைத் தாண்டினால் புதுத் திரவம் ஊற்றி, இன்னொரு ஆறு மணி நேரம் காத்திருக்கிறேன்.