ஹேங் ஆகும் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு: புதியது என்று சொல்லிப் பொருத்தப்பட்ட பழைய ஹார்ட் டிஸ்க்

வீட்டுக் கணினி நேரம் காலமின்றி ஹேங் ஆகிறது என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுசெல்ல இருப்பவர்கள், அதற்கு முன் இந்தப் பதிவை முழுமையாகப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கணினியின் குறை, ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் ஒரு சாட்டா கேபிளில் இருந்தது. அந்தக் கேபிளைத் தொடாமலேயே ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள், மதர்போர்டைச் சரிசெய்ததாகச் சொல்லிக் கட்டணம் வாங்கினார்கள், எங்கள் குடும்ப ஆவணங்கள் இருந்த பழைய டிஸ்க்கை இன்றுவரை திருப்பித் தரவில்லை. புதியது என்று பொருத்திக் கொடுத்த டிஸ்க்கோ வேறெங்கோ நெடுங்காலம் ஓடிக் களைத்தது.

கணினியின் போக்கை நான் தெளிவாக எழுதியே கொடுத்திருந்தேன். ஏதாவது ஒரு கோப்பைத் திறக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் சுட்டி மட்டும் நகரும். பெட்டியின் முன்புறம் உள்ள டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சில வேளைகளில் சற்று நேரத்தில் எல்லாம் பழையபடி இயங்கும், சில வேளைகளில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இந்த விவரமே ஒரு தேர்ந்த டெக்னீஷியனுக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். சுட்டியும் நின்று, கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கும் மாறாமல் இருந்தால், கணினி முழுவதுமே செயலிழந்திருக்கிறது என்று கொண்டு ரேம், மின்வழங்கி, வெப்பம், வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சுட்டி நகர்ந்து, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால், விண்டோஸ் டிஸ்க்கிடமிருந்து பதிலுக்காகக் காத்திருக்கிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். அப்போது டிஸ்க்கை மட்டுமல்லாமல், அதற்கு வரும் கேபிளையும், அந்தக் கேபிள் செருகப்பட்ட இணைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடையில் நடந்தது வேறு. கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பு அடையாளமிட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, கெர்னல் பவர் 41 என்ற பதிவு திரும்பத் திரும்ப வருவதால் மதர்போர்டு பழுதாகிவிட்டது என்றும், அதுவே ஹார்ட் டிஸ்க்கையும் கெடுத்துவிட்டது என்றும் உறுதியாகச் சொன்னார்கள். இதைப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நன்றாக இயங்கும் கணினியிலும் ஈவென்ட் வியூவரில் சிவப்புப் பதிவுகள் இருக்கும். 41 என்ற எண்ணுக்கு, கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் பொருள் இல்லை. கணினி ஹேங் ஆகி, நாம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அந்தப் பதிவு விழும். ஆகவே அது விளைவின் பதிவு. காரணத்தை அது சொல்வதில்லை. உண்மையில் அதே பட்டியலில், டிஸ்க்குக்கான இணைப்பை விண்டோஸ் மீட்டமைத்தது என்று அறிவிக்கும் 129 என்ற எச்சரிக்கையும் வரிசையாக இருந்தது. சிவப்பாக இல்லாத அந்த வரிகளை அவர்கள் கடந்து சென்றுவிட்டார்கள்.

பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த கணினி, அன்று மாலையே முன்போலவே நின்றது. கேட்டபோது இது சாஃப்ட்வேர் கோளாறு என்றும், விண்டோஸை மறுபடி நிறுவத் தனிக் கட்டணம் ஆகும் என்றும் பதில் வந்தது. புதிய டிஸ்க்கில் அவர்களே விண்டோஸை நிறுவிக் கொடுத்திருந்த நிலையில், இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன் பிறகு டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பதிவுகளை, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பார்த்தேன். அந்தப் பட்டியலில் 5, 197 ஆகிய எண்களுக்கு உரிய வரிகள் டிஸ்க்கின் மேற்பரப்பில் கெட்டுப்போன, கெட்டுப்போனதாகச் சந்தேகிக்கப்படுகிற பகுதிகளைக் குறிக்கும். இரண்டும் சுழியமாக இருந்தன. 199 என்பது கேபிள் வழியாகத் தகவல் போய்வரும்போது சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. கணினி நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறியது. டிஸ்க் மாறியும் எண் ஏறுகிறது என்றால், குறை டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. வேறொரு சாட்டா கேபிளைப் பொருத்தியதும் ஏற்றம் நின்றது, கணினி நிற்பதும் நின்றது. இந்த எண் ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே பட்டியலில் 9 என்ற வரி, டிஸ்க் எத்தனை மணி நேரம் இயங்கியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஓர் ஆண்டுக்கு மொத்தமே 8,760 மணி நேரம்தான். புதியது என்று பில் போட்டுக் கொடுக்கப்பட்ட டிஸ்க்கில் இருந்த எண் அதைவிடப் பல மடங்கு பெரியது. இதைக் காட்டியபோது, சோதனைக்காக ஓடவிட்ட நேரம் என்றார்கள். எந்தக் கடையிலும் ஒரு டிஸ்க்கை ஆண்டுக்கணக்கில் சோதிப்பதில்லை.

இந்த எண் சிறியதாக இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 தொடக்கத்தில், நெடுநாள் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் பதிவுகள் அழிக்கப்பட்டு, வியாபாரிகள் வழியாகப் புதியவையாக விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹெய்சே இதழ் வெளிக்கொண்டுவந்தது. சீகேட் நிறுவனத்தின் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு உள்ளே இருப்பதால், ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் அதைப் படித்தபோது உண்மையான மணிக்கணக்கு தெரிந்தது. எனக்குக் கிடைத்த டிஸ்க்கில் எண்ணை அழிக்கும் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்மையான டெக்னீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் முன் அதைச் சோதித்துக் காட்டுவார்கள். ரேம் என்றால் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடலாம். குறை விண்டோஸில் இருக்கிறதா, வன்பொருளில் இருக்கிறதா என்று பிரித்தறிய, யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை இயக்கிப் பார்க்கலாம். சோதனை எதையும் காட்டாமல் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கணினியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். மதர்போர்டைச் சரிசெய்ததாக எங்கள் பில்லில் ஒரு வரி இருக்கிறது. எந்த உதிரிபாகத்தை மாற்றினார்கள் என்று இன்றுவரை அவர்களால் சொல்ல முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பழைய டிஸ்க்தான். முக்கியமான கோப்புகளுக்கு என்னிடம் நகல் இருப்பதால் எதையும் இழக்கவில்லை. ஆனால் அடையாள ஆவணங்களும், வங்கிக் கணக்கு அறிக்கைகளும், குழந்தைகளின் படங்களும் அந்நியர் ஒருவரின் கையில் இருக்கின்றன. டிஸ்க் கழிவுக்குப் போய்விட்டது என்று ஒரு முறையும், ஃபார்மேட் செய்துவிட்டோம் என்று இன்னொரு முறையும் சொன்னார்கள். விரைவு ஃபார்மேட் செய்வதால் கோப்புகள் அழிவதில்லை; மீட்பு மென்பொருள் கொண்டு அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். ஆகவே பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றி, எல்லாக் கணக்குகளிலும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, வங்கிக்கும் தகவல் கொடுத்துவிட்டேன்.

கணினியை ஒப்படைக்கும்போதே டிஸ்க்கின் வரிசை எண்ணை ரசீதில் எழுதச் சொல்லி, கழற்றும் பாகம் எதுவானாலும் எனக்கே திரும்ப வர வேண்டும் என்றும் அதே ரசீதில் குறிப்பிடச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள். எங்கள் பழைய டிஸ்க்கின் வரிசை எண், அது வந்த பெட்டியின் மேல் அச்சாகியிருந்ததால் என்னிடம் இருக்கிறது. அந்த எண்ணையும், இரண்டு டிஸ்க்குகளைப் பற்றிய விவரங்களையும், பில்லின் நகலையும் இணைத்துக் கடைக்கு எழுத்துமூலமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். டிஸ்க் கைக்கு வரும்வரை அதை விடப்போவதில்லை.