காரைக்குடி ஜெராக்ஸ் கடையும் அப்பத்தாவின் சக்கர நாற்காலியும்

இந்தத் தடவை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அப்பத்தாவையும் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்தேன். விசா சிக்கலில்லாமல் வந்தது, டாக்சி சொன்ன நேரத்துக்கு வந்தது, வீட்டில் குழாயில் தண்ணீர்கூட வந்தது. அதையெல்லாம் விடுங்கள். கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்மானம். டிக்கெட் எடுக்கும்போதே ஆப்பில் சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். அதில் ‘வீல்சேர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. தொட்டதும் பச்சை டிக் விழுந்தது, நன்றி சொன்னது, அவ்வளவுதான். நான் கேட்டதை அந்தப் பக்கம் ஒரு மனுஷர் பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர், கிடைத்த ஒரே நாற்காலியை மனைவிக்குக் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்து, குடியேற்றப் பகுதியில் மயங்கி விழுந்து இறந்துபோனது நினைவிருக்கும். அந்த விமான நிறுவனத்துக்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குப் பச்சை டிக் மேல் நம்பிக்கை போய்விட்டது.

சித்தப்பாதான் அந்தக் கடையைச் சொன்னார். “மலேசியா, சிங்கப்பூர் போற ஆச்சிமாரெல்லாம் அங்கதான் குடுப்பாக. அவரு எல்லாம் பாத்துக்குவாரு.” சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போனிலேயே முடித்துவிடலாம் என்றேன். சித்தப்பாவுக்குக் கையில் காகிதம் இல்லாத பயணம் பயணமே இல்லை. அப்பத்தாவுக்கும் அம்மனைப் பார்க்க வேண்டியிருந்தது. சரி, போனோம்.

கடை சாக்கடைக்கு அந்தப் பக்கம், உயரத்தில். ஏறுவதற்கு சிமெண்டுப் படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. சிங்கப்பூரில் பஸ்ஸே சாய்தளம் விரித்து உள்ளே கூப்பிடும். இங்கே வயதானவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு இப்படி ஒரு மலை. நான் கையைப் பிடிக்கப் போனேன். “விடுடா” என்று தட்டிவிட்டு அப்பத்தாவே ஏறினார்.

உள்ளே கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், பிரிண்டர் ஓடாது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு யாருக்கோ பான் கார்டு திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். அது முடிந்ததும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். அப்போதும் காத்திருந்தோம். சாப்பிட்டுக்கொண்டே, “ஆச்சிக்கு வீல்சேர் போட்டாச்சா?” என்றார். ஆப்பில் போட்டாச்சு என்றேன்.

“எந்த வீல்சேர் அண்ணே?”

இதென்ன கேள்வி என்றுதான் தோன்றியது. கை கழுவிவிட்டு வந்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். விமான நிறுவனங்களுக்குச் சக்கர நாற்காலி மூன்று வகை. டபிள்யூசிஹெச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் விமானப் படியில் ஏறிவிடுவார். டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது, உள்ளே போனால் சீட் வரை நடப்பார். டபிள்யூசிஹெச்சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். “ஆப்பு பெரும்பாலும் மொதல் ஆர்ரைத்தான் போடும். பிளேனை தூரத்துல நிறுத்தி பஸ்ஸுல கூட்டிட்டுப் போனா, படிக்குக் கீழ வரைக்கும்தான் சேர் வரும். அப்புறம் ஆச்சி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கணும்.”

பல வருஷமாக விமானத்தில் போய்வருகிறேன். இந்த மூன்று எழுத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

“ஆச்சி, படி ஏறுவீகளா?” என்று கேட்டார்.

“ஏன் ஏறாம? ரஜூலாவுலயே ஏறினவ நானு.”

ரஜூலா, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த கப்பல். எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஐயா (அப்பத்தாவின் வீட்டுக்காரர்) பினாங்கில் கடை வைத்திருந்தபோது, கல்யாணமான புதிதில் அப்பத்தா அதில் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்துப் பக்கவாட்டுப் படியில் தாவ வேண்டும். அந்தக் கதையை அன்றைக்கு முழுசாகச் சொன்னார். பான் கார்டுக்காரரும் போகாமல் நின்று கேட்டார். எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். இப்படிப் பெருமை பேசினால் இவர் ஆர்ரிலேயே விட்டுவிடுவாரே!

கடைக்காரர் கதை முடியும் வரை தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “எஸ்ஸு போட்டுடலாம்ணே. ஆச்சி நம்ம படி ஏறும்போதே பாத்துட்டேன். ஒரு கால வச்சு, அந்தப் படியிலேயே மறு காலையும் கொண்டாந்து வச்சுத்தான் ஏறுறாக. கையி தொடையை அழுத்துது.”

அப்பத்தா அவரை முறைத்தார். மறுத்துப் பேசவில்லை.

அப்புறம் விமான நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடியது. நடுநடுவே ஒரு பெண் குரல், எங்கள் அழைப்பு முக்கியமானது என்றது. அவர் பாட்டுக்கு லேமினேஷன் செய்துகொண்டிருந்தார், யாருக்கோ ஆதார் ஜெராக்ஸ் எடுத்தார் (கரண்ட் வந்திருந்தது). கடைசியில் ஆள் வந்ததும் எழுந்து நின்று ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத்தை மாற்றச் சொன்னார். மாற்றியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார், பேசியவர் பெயரைப் பத்திரிகையின் பின்னால் எழுதிக்கொண்டார்.

பில்தான் கடுப்பு. வருகை அட்டைக்கு நூறு ரூபாய். “அது இலவசம்!” என்றேன். சிங்கப்பூர் அரசாங்கம் அதற்கு ஒரு காசு வாங்குவதில்லை. “அவுகளுக்கு இலவசம்தான்ணே, டைப் அடிக்கிறது நான்ல” என்றார். பிரிண்ட் மூன்று செட் எடுத்தார். ஒரு செட் போதும் என்றால் கேட்கவில்லை. போன் பேசியதற்கு மட்டும் காசு வேண்டாமாம். எதற்கு வாங்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, வாங்கக்கூடாததற்கு வாங்குகிற இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரவு விமானம். திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். கானாடுகாத்தான் பக்கம் வரும்போது டாக்சிக்காரர், “இங்க செட்டிநாட்டுலயே ஏர்போர்ட்டு வரப்போகுதாம் சார்” என்றார். கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கிற இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தைச் சொல்கிறார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வரப்போகிறது.

2024-இல் திறந்த திருச்சி புது முனையம் பளபளவென்று இருக்கிறது. கவுண்டரில் பெயர் சொன்னதும் ‘எஸ்’ திரையில் இருந்தது, நாற்காலியும் ஆளும் வந்தாயிற்று. தள்ளிக்கொண்டு போன பையன் அப்பத்தாவிடம் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டே போனான். அன்றைக்குப் பார்த்து விமானம் முனையத்திலிருந்து நேராக நடந்து ஏறும் பாலத்திலேயே வந்து நின்றது, ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை. சாங்கியில் நான் பாஸ்போர்ட்டை எடுக்காமல் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வெளியே வந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரைக்குடியின் மூன்று செட் காகிதத்தையும் வழியில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வாட்ஸாப்பில் கடைக்காரர்: “அண்ணே சேர் வந்துச்சா? ஆச்சி நல்லாருக்காகளா?” நான் பதில் அடிப்பதற்குள் அப்பத்தா போனை வாங்கி வாய்ஸ் மெசேஜ் போட்டார். “சேரெல்லாம் வந்துச்சப்பா. நீ மொதல்ல ஒன் கடைப் படிக்கு ஒரு கம்பி வையி.”

“வச்சிடுறேன் ஆச்சி” என்று உடனே பதில் வந்தது. வைக்கமாட்டார்.